அப்பாவின் பெட்டிமேல் கிடந்த சாமந்தி

பூவை உலர்த்தி, அழுத்தி, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் கொடுப்பது என் தொழில். அரூரில் கடை. யார் யார் வீட்டுக் கல்யாண மாலையெல்லாம் என் கைபட்டு நிற்கிறது. என் அப்பாவின் பூவுக்கு மட்டும் அண்ணன் ஆண்டோவோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது.

அப்பா மதலைமுத்து கடத்தூர்ப் பக்கம் சாமந்தி போட்டவர். ரஞ்சித்குமார் என்ற இந்துப் பையனை நான் கட்டிக்கொண்டதிலிருந்து ஏழு வருடம் என்னிடம் பேசவில்லை. சர்ச் சாமியாரே அனுமதி கொடுத்த கல்யாணம்தான். அப்பாவுக்கு அது போதவில்லை. பேசாமலே செத்தும் போனார்.

அடக்கத்துக்குப் போனேன். பெட்டியை இறக்குவதற்கு முன், அதன்மேல் கிடந்த சாமந்தியில் ஒன்றை எடுத்தேன். வயலில் பங்கா கேட்டேன்?

ஆண்டோ என் மணிக்கட்டை முறுக்கினான். "குழிக்குப் போறத வூட்டுக்கு எடுத்துனு போவியா? இதையும் கடையில வெச்சு விக்கப் போறியா?" பூவைப் பிடுங்கிக் குழிக்குள் எறிந்தான். அம்மா இன்னாசியம்மாள் பக்கத்தில்தான் நின்றாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் அவனே என் கடைக்கு வந்தான். கையில் அம்மாவின் ஜெபப் புத்தகம். அதற்குள் பிளாஸ்டிக் பையில் ஒரு சாமந்தி, கருத்து, பூஞ்சை பிடித்து. அடக்கத்தன்று காலை வீட்டிலேயே பெட்டியிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தானாம். ஊருக்குத்தான் உபதேசம். ஈரப் பூவைப் பையில் போட்டு மூடினால் அழுகும் என்பதுகூடப் பூ விவசாயி மகனுக்குத் தெரியவில்லை.

"எப்டியாச்சும் சரிபண்ணிக் குடு. அம்மா சோறு திங்காம அழுவுது."

"அன்னிக்கு விக்கப் போறியான்னு கேட்டியே?"

"கேட்டேன். இப்ப அதுக்கு என்னாங்கற?"

மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வராது. "வெச்சுட்டுப் போ. நாளைக்கு வா" என்றேன்.

இடுக்கியால் இதழ் இதழாகப் பிரித்தேன். வெளிச்சுற்று முழுக்க அழுகல். உள்ளே ஒன்பது இதழ்கள் மஞ்சள் குலையாமல் இருந்தன. வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் வந்தவனிடம் கருத்த இதழ்களை மட்டும் பொட்டலம் கட்டி நீட்டினேன். "ஒண்ணும் தேறல."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. அம்மாவை நினைத்துப் பார்த்தேன், மனம் இளகவில்லை.

ஒன்பது இதழும் என் படுக்கையறைச் சுவரில் இருக்கின்றன. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். இந்தப் பொய்யை மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை. சொன்னால், சாமியார் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவார்.