ஏகாம்பரம் காயக்கூடாது

கீழ்வீட்டு ஏகாம்பரம் என் ஓவியத்துக்குள் மஞ்சளாக வந்து சேர்ந்தது திங்கட்கிழமை காலையில். நான் அவரை வரையவில்லை. நான் யாரையும் வரைவதில்லை. என்னுடையவை அரூப ஓவியங்கள். அவற்றில் ஆள், மரம், பசுமாடு எதுவும் கிடையாது.

தினமும் நான் செய்வது ஒன்றுதான். எழுந்ததும் ஸ்டூடியோவைப் பெருக்குவேன். முந்தைய நாள் வரைந்த கித்தானைத் தலைகீழாகத் திருப்பி வைப்பேன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். கண்ணுக்குப் பழகிப்போன தப்பு தலைகீழாக நின்றால்தான் பிடிபடும். பிடிபடும்வரை தூரிகையைத் தொடமாட்டேன்.

அன்று திருப்பியதும் மூலையில் இருமல் கேட்டது. சாம்பலும் நீலமுமாக நான் விட்டுப்போன இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். ஈரமாக இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. நான் மஞ்சள் வாங்கியதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரத்தின் மனைவி மனோரஞ்சிதம் அக்கா மேலே வந்தார். கையில் டிபன் கேரியர்.

"அவரு இங்கதான இருக்காரு?"

"இருக்காருன்னுதான் நினைக்கிறேன்க்கா."

அக்கா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏம்மா வசுமதி, அவருக்கு பிரஷர் இருக்குன்னு தெரியாதா? இப்படியா தலைகீழா வெப்ப?"

கித்தானை நேராக்கினேன். இருமல் நின்றது.

"சரி, எடுத்துக் குடு. இட்லி ஆறிடும்."

வண்ணம் வழிக்கும் கத்தியை எடுத்து மஞ்சளின் ஓரத்தில் மெல்லச் சுரண்டினேன். வந்த துளியைத் தட்டில் வைத்து நீட்டினேன். அக்கா விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது இடது காது. திரும்ப வெச்சிடு. முழுசா வந்தா வாங்கிக்கிறேன்."

வைத்துவிட்டேன். எண்ணெய் வண்ணமாக இருந்தால் நாள்கணக்கில் ஈரம் நிற்கும், நிதானமாக வழித்தெடுக்கலாம். ஆனால் அதைக் கரைக்கும் டர்பன்டைன் வாடையில் தலை வலிக்கிறது என்று குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று புகார் சொன்னவரே இந்த ஏகாம்பரம்தான். அவருக்காகத்தான் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்குக்கு மாறினேன். அக்ரிலிக் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். காய்ந்தால் பிளாஸ்டிக். பிறகு பிரம்மாவே வந்தாலும் பெயர்க்க முடியாது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அவர் வினை என்னைச் சுட்டது.

ஆகவே தண்ணீர் தெளித்தேன். மஞ்சள் மங்கும்போதெல்லாம் தெளிப்பானால் ஒரு பீய்ச்சல். கூடிப்போனால் ஒழுகினார். குறைந்தால் இறுகினார். நான் கடைக்குப் போவதை நிறுத்தினேன். குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன். தூங்குவதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அவர் வந்ததிலிருந்து மாடிப்படிகள் கூடிக்கொண்டே போயின. அக்கா மதியச் சாப்பாட்டை வைத்துவிட்டு இறங்கினால், வீடு போய்ச் சேரும்போது ராத்திரிச் சாப்பாட்டு வேளை வந்துவிடும். பிறகு அவர் இறங்குவதை விட்டுவிட்டார். என் அடுப்பிலேயே சமைத்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து மஞ்சளிடம் பேசினார். தண்ணி மோட்டார் ரிப்பேரானது, நாத்தனார் மகள் வளைகாப்புக்குக் கூப்பிடாதது, எல்லாம்.

"அவருக்குக் காது கேக்குதாக்கா?"

"வீட்ல இருந்தப்ப கேக்கல. இப்ப கேக்குறாரு."

நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. மஞ்சள் தவறான இடத்தில் இல்லை. இத்தனை வருஷமாக என் ஓவியங்கள் சாம்பலும் நீலமுமாக வாயை மூடிக்கொண்டு நின்றன. இது ஒன்றுதான் எதையோ சொல்ல வந்தது. ஆனால் மஞ்சள் தனியாகத் தத்தளித்தது. பக்கத்தில் இன்னொரு நிறம் வேண்டும். எது என்று தெரியவில்லை. கை வைக்கப் பயமாக இருந்தது. தப்பான நிறம் பட்டால் அந்த மனிதர் கதி என்ன?

என் படங்களை விற்றுத் தரும் காட்சிக்கூடத்திலிருந்து நிர்மலன் வந்தார். படியேறி வருவதற்குள் அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது.

"இது யாரு?"

"கீழ்வீட்டுக்காரர்."

"நல்லா வந்திருக்காரு. படம் முடிஞ்சுதா?"

"இல்ல சார். அவரை வெளிய எடுக்கணும்."

"எடுத்தா முடியாதே."

அவர் பின்னால் நகர்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முதலில் ஓவியத்தை. அப்புறம் அக்காவை.

"நீங்க இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் உட்காருங்களேன்," என்றார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நிர்மலன் தலையை ஆட்டினார். "காய்ஞ்சதும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் இறங்கும் சத்தம் மறுநாளும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, தள்ளி உட்காருங்க," என்றேன்.

"ஏன்? இங்க இருந்தா கத்தாம பேசலாம்."

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தக்கூடிய ஆள்தான் நான்.

மறுநாள் காலை நாற்காலி காலியாக இருந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அணைத்தேன். மஞ்சளை ஒட்டிச் செங்கல் சிவப்பு ஒன்று வந்திருந்தது. கட்டைவிரல் அளவுதான். இடம் மயிரிழைகூடப் பிசகவில்லை. நானாக இருந்தால் பெரிதாகப் போட்டுக் கெடுத்திருப்பேன்.

இரண்டும் ஈரமாக இருந்தன. கத்தியை வைத்துப் பார்த்தேன். சிவப்பு பக்கத்தில் வந்ததும் மஞ்சள் இளகியிருந்தது. ஓரம் தானாகவே எழும்பியது. இப்போது வழித்தால் இருவருமே முழுசாக வந்துவிடுவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எடுப்பதற்கு முன் ஒரேயொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று கித்தானைத் தலைகீழாகத் திருப்பினேன். தடுக்க ஆளில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். தப்பைத் தேடினேன். மூலைமூலையாகத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு படம் எனக்கு வந்ததில்லை. அழுகை வந்தது.

இருமல் கேட்டது. பிறகு அக்காவின் குரல்.

"வசுமதி, தலை சுத்துதும்மா."

"ஒரு நிமிஷம்க்கா," என்றேன்.

எழுந்து போய் மின்விசிறியை ஐந்தில் வைத்தேன்.