சோலைமுத்து வாயால் ஒரு வார்த்தை

கைப்பேசியை மச்சான் சோலைமுத்துவின் காதோடு ஒட்டிப் பிடித்ததில் சரவணகுமாருக்குக் கை மரத்துப்போனது. அந்தப் பக்கம் அர்பாப், மச்சானின் அரபு முதலாளி, கத்திக்கொண்டிருந்தார். அல்ஐன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சோலைமுத்து கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு சிறுநீரகமும் நின்றுபோன மனிதரிடம் அர்பாப் கேட்டது இதுதான்: காளைமாட்டு எடையுள்ள ஆப்பிரிக்க மானைச் சுட எந்தத் தோட்டா நல்லது, குழல் இருபத்திரண்டு அங்குலம் போதுமா, இருபத்தைந்து வேண்டுமா?

பதில் வந்தால்தான் பாஸ்போர்ட் வரும். சாயந்தரம் திருச்சி விமானத்தில் ஸ்ட்ரெச்சர் வைக்க இடம் கிடைத்திருந்தது. இன்றைக்கென்றால் கொண்டுபோகலாம், நாளைக்கு என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா சரோஜா, புருஷன் முகத்தையாவது பார்த்துவிடவேண்டும் என்று ஊரிலிருந்து வேன் பிடித்துக் கிளம்பிவிட்டாள். ஆனால் பாஸ்போர்ட் இருப்பது அர்பாபின் துப்பாக்கி அறையில், தோட்டாக்களோடு ஒரே இரும்பு அலமாரியில். விசா ரத்துக்குக் கையெழுத்தும் அவர்தான் போடவேண்டும். அவரோ இன்று மத்தியானம் ஒரு மாத வேட்டைக்குப் பறக்கிறார். அவர் போய்விட்டால் மச்சான் உயிரோடும் ஊர் போகமுடியாது, உயிரில்லாமலும் போகமுடியாது.

அர்பாப் கெட்டவரில்லை. துப்பாக்கிப் பேச்சு காதில் விழுந்தால் சோலைமுத்து எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று அவர் மனதார நம்பினார். அப்படி நம்பவைத்தது சோலைமுத்துதான்.

சோலைமுத்து வளைகுடாவுக்கு வந்தது துப்பாக்கி தெரிந்து அல்ல. ஊரில் போர் போடுகிற லாரியில் இருந்தவர். என்ன வேலை தெரியும் என்று ஏஜெண்ட் கேட்டதற்கு, "எல்லா போரும் தெரியும் சார்" என்றார். அந்த வார்த்தை ஏஜெண்டிடமிருந்து பாகிஸ்தான் பட்டாணிய மேனேஜருக்கும், மேனேஜரிடமிருந்து அர்பாபுக்கும் போய்ச் சேருவதற்குள் குழாய்க்கிணறு துப்பாக்கிக் குழலாகிவிட்டது. துப்பாக்கிக் குழலின் துளைக்கும் இங்கிலீஷில் போர் என்றுதான் பெயர். முதல் நாள் அறையைத் திறந்துவிட்டார்கள். சோலைமுத்து பதறவில்லை. ஒவ்வொரு குழலிலும் ஒற்றைக் கண்ணை வைத்து, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்து, "தண்ணி பட்டிருக்கு" என்றார். பட்டுத்தான் இருந்தது. அன்றிலிருந்து அர்பாப் அவர் சொல்லாமல் ஒரு தோட்டா வாங்கியதில்லை. பின்னொரு நாள் சோலைமுத்து துடைத்துவைத்த துப்பாக்கியின் பளபளப்பைக் கண்டே ஒரு மான் கீழே விழுந்ததாம். அர்பாபே சாட்சி. மயக்கம் தெளிந்து அது எழுந்து போனதை மட்டும் இருவரும் சொல்வதில்லை.

சரவணகுமார் போனைத் தன் காதுக்கு மாற்றினான். இப்போது பேசியது அர்பாபின் டிரைவர் சதக்கத்துல்லா, கீழக்கரைக்காரர்.

"தம்பி, என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. நீங்க எடுத்துச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுட்டு துப்பாக்கியப் பாக்கச் சொல்லுங்க."

"சொல்லாமயா இருப்பேன்? சோலை வாயால ஒரு வார்த்தை வரட்டுங்குறாரு. மேசையில ரெண்டு துப்பாக்கி கெடக்கு. ஒண்ணு முந்நூத்தி எழுவத்தஞ்சு. தோட்டா நீளம், மருந்து ஜாஸ்தி. அது எரிஞ்சு முடிய நீளக் குழல் வேணும், இருபத்தஞ்சு. இன்னொண்ணு ஒம்போது புள்ளி மூணு மில்லி. அதுக்கு இருபத்திரெண்டே தாராளம். ஒண்ணுதான் எடுத்துட்டுப் போவாராம்."

"எதையாச்சும் எடுத்துட்டுப் போகட்டும்ணே."

"எங்கிட்டச் சொல்ற. அவருட்டச் சொல்லு பாப்போம்."

அப்போது சோலைமுத்துவின் உதடு அசைந்தது. சரவணகுமார் குனிந்தான்.

"ஆறரை," என்றார் மச்சான். "ஆறரை போடச் சொல்லு. நாலரை வேணாம்."

சரவணகுமாருக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் போர் போடுவதைப் பற்றி அக்கா போன மாதமே கேட்டிருந்தாள். நாலரை அங்குலமா, ஆறரையா என்று. அவளுக்கான பதில் இப்போதுதான் வருகிறது. ஆனால் போன் அணையவில்லை, மச்சான் சொன்னது அந்தப் பக்கமும் கேட்டுவிட்டது.

"ஆறரையா?" என்றார் சதக்கத்துல்லா. "யா அல்லா. அர்பாப் கேட்டாரு, சொல்லிட்டேன் தம்பி. ஆறரை மில்லி சின்ன மானுக்குத்தான் ஆகும். ஆனா சோலை சொன்னா சரியாத்தான் இருக்குமாம். அவுக அத்தாவோட பழைய ஆறரை ஒண்ணு எங்கேயோ பெட்டியில கெடக்காம். எல்லாரையும் தேடச் சொல்லிட்டாரு."

"எவ்வளவு நேரமாகும்?"

"அத வச்ச எடம் அவுக அத்தாவுக்குத்தான் தெரியும். அவரு மௌத்தாகி இருவது வருசமாச்சு."

"அண்ணே, இல்லண்ணே. தப்பாக் கேட்டுட்டேன். மேசையில இருக்கறதுல எது பொட்டியில வைக்க ரெடியா இருக்கு?"

"ஒம்போது மூணு."

"அதுதான். மச்சான் அதத்தான் சொன்னாரு."

அந்தப் பக்கம் ஏதேதோ அரபிப் பேச்சு நடந்தது. பிறகு சதக்கத்துல்லா குரலைத் தாழ்த்தினார். "நம்பல தம்பி. சோலையே பேசணுமாம். ஏன் சின்னக் குழல்னு கேக்குறாரு. போன வருசம் அவருக்குத் தோள் எறங்கிப்போச்சு, அதையும் யோசிச்சுச் சொல்லச் சொல்லு. இந்தா, குடுக்குறேன்."

சரவணகுமார் கட்டிலைப் பார்த்தான். போர்வை நெஞ்சின்மேல் அசையாமல் கிடந்தது. மச்சானின் வாய் 'வேணாம்' சொன்ன இடத்திலேயே நின்றிருந்தது. அவன் மூக்கருகே விரலை வைத்தான். போனைக் கை மாற்றி மற்றக் கையின் விரலையும் வைத்தான்.

"சோலை?" என்றது போன். "சோலை?"

சரவணகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டான். மச்சான் அர்பாபோடு பேசுகிற, இந்தியும் அரபியும் தமிழும் கலந்த பாஷை அவனுக்குத் தெரியும். விடுமுறை நாட்களில் தான் தங்கியிருக்கும் ஜெபல் அலி கேம்ப் ரூமில் நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பான்.

"அர்பாப்," என்றான், மூச்சு வாங்குகிறவனாக. "நௌ பாயிண்ட் தீன் அச்சா. பேரல் சோட்டா. லம்பா பேரல் ஜங்கிள்ல மரத்துல மாட்டும். படா தோட்டா மாஃபி. ஷோல்டர் தர்த் ஹோகா, அர்பாப்." ஒன்பது மூன்றே நல்லது, பெரிய தோட்டா வேண்டாம், தோள் வலிக்கும் என்று சொல்லியாயிற்று.

பிறகு அர்பாப் சிரித்தார். குழந்தை மாதிரிச் சிரித்தார்.

அர்பாப் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நர்ஸ் திரையை இழுத்திருந்தாள். வெள்ளை உடுப்பில், கையில் பாஸ்போர்ட்டோடு, திரையை விலக்கிப் பார்த்தார். சதக்கத்துல்லா பின்னால் நின்று தரையைப் பார்த்தார்.

"கலாஸ்?" முடிந்துவிட்டதா என்று அரபியில் கேட்டார் அர்பாப்.

"கலாஸ், அர்பாப்."

பாஸ்போர்ட்டைச் சரவணகுமாரிடம் கொடுத்தார். நீட்டிய விசா ரத்துத் தாளில் கட்டிலின் கால்மாட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டார். வேட்டைக்குப் போகிற விமானத்துக்கு நேரமாச்சு என்று சதக்கத்துல்லா நினைவூட்டியது அவர் காதில் ஏறவில்லை. சரவணகுமாரின் முகத்தைப் பார்த்தபடி, "என் தோளைப் பற்றிச் சொன்னது சோலைதானே?" என்று இந்தியில் கேட்டார்.

"சோலைதான், அர்பாப்."

தலையாட்டிவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டார். எழுந்துபோகிற மாதிரித் தெரியவில்லை.

போன் அடித்தது. அக்கா. வேனின் இரைச்சல்.

"தம்பி, துவரங்குறிச்சி தாண்டிட்டோம். கையெழுத்து ஆயிருச்சா?"

"ஆயிருச்சுக்கா."

"அப்பாடா. ஏறிட்டாருன்னா எனக்குப் போதும். பேச முடியுதா?"

"தூங்குறாருக்கா."

"தூங்கட்டும், எழுப்பாத. பிளேன்ல குளிருமாமேடா. அவருக்குக் கால்லதான் மொதல்ல குளிரும். சாக்ஸ் போட்டு விட்டியா?"

"இந்தா, போடுறேன்கா."

பையில் தேடிச் சாக்ஸை எடுத்தான். வலது காலில் ஏற்றினான். குதிகால் வரவேண்டிய இடம் மேலே திரும்பியிருந்தது. கழற்றி, திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, மெல்ல மேலே இழுத்துவிட்டான்.