வாய் இறக்கச் சொன்னது

1

இந்தக் கதையைச் சொன்னவர் வாயை அதிகம் திறக்கவில்லை. பல் மருத்துவமனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரேன் ஓட்டுநர், வீங்கிய தாடையோடு கையாலேயே சொன்னார். விட்டதை அவர் மனைவி நிரப்பினாள்.

வானத்தை உரசும் கிரேனின் உச்சியில் தன்னந்தனியாக அவர்...

(வேண்டாம். அவர் தனியாக இல்லை. கீழே சகலை நின்றார்.)

2

சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர். மேலே இருப்பவருக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. ஓட்டுநர் வீடு மாற்றும்போது சகலை பிடித்த பக்கம் நழுவி, பீரோ படியில் உருண்டது. "ஒரு பீரோவப் பாத்து எறக்கத் தெரியல, நீங்க இரும்ப எறக்குறீங்க," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் ஓட்டுநர். அன்றோடு பேச்சு அறுந்தது. அக்காவும் தங்கையும் தலைபாடாய் அடித்துக்கொண்டும் பயனில்லை.

வேலை மட்டும் நடந்தது. விரல் கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்கு. கை பக்கவாட்டில் நீண்டு உள்ளங்கை தரையைப் பார்த்தால் நிறுத்து. இதற்கு வாய் எதற்கு?

பிறகு நிர்வாகம் வாக்கி டாக்கி கொடுத்தது. இனி வாயாலும் சொல்லியாக வேண்டும்.

3

கம்பிக்கட்டு அந்தரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கொக்கியைக் கழற்ற இருவர் கீழே காத்திருந்தார்கள்.

"எறக்குங்க. எறக்குங்க," என்றது வாக்கி டாக்கி. ஆனால் சகலையின் இடது கை பக்கவாட்டில் நீண்டுவிட்டது.

ஓட்டுநர் நிறுத்தினார். கட்டு நின்ற பிறகுதான், கயிறு ஒருபக்கம் நழுவுவது சகலையின் வாய்க்கு எட்டியது. "தள்ளிப் போங்க," என்று கத்தினார். இருவரும் ஓடினார்கள். கம்பிகள் வெற்றுத் தரையில் சரிந்தன.

(கை எப்படி முந்தியது? தொலைபேசியில் வழி சொல்லும்போது நாமும் காற்றில் திருப்பம் காட்டுகிறோம். கேட்பவருக்கு அது தெரியப்போவதில்லை. கூட்டல் பழகும் குழந்தையின் விரலைப் பாருங்கள். யோசனையில் பாதி கையில்தான் நடக்கிறது. கண் கண்டது சில நேரம் வாய்க்கு வருமுன் அங்கே போய்விடுகிறது.)

4

"காதுல எறக்குன்னு கேட்டுச்சே, கைய எப்படி நம்புனீங்க?" என்று கேட்டேன். கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

அதற்கு மட்டும் தாடையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "வாய்க்குத்தாங்க எம்மேல கோவம். கைக்கு இல்ல."

5

"அவரு என்ன சொன்னாரு?" என்று அன்று ஓட்டுநரிடம் விசாரித்தார் மேற்பார்வையாளர்.

ஒரு முடிவு: "எறக்கச் சொன்னாரு." உண்மைதான், ஆனால் சகலையின் வேலை போயிருக்கும். எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். நடந்தது வேறு. "நிறுத்தச் சொன்னாரு," என்றார் ஓட்டுநர். அதுவும் உண்மைதான்.

மாலையில் அவர் இறங்கி வந்தபோது ஏணியடியில் சகலை நின்றார்.

"அன்னைக்குப் பேசிட்டாங்களாம்," என்றாள் மனைவி.

ஓட்டுநர் தலையை ஆட்டி மறுத்தார். சகலை செய்ததை அப்படியே செய்து காட்டினார். அதோடு மருத்துவர் அறையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்துவிட்டது.

எனக்குப் புரிந்தது. "சகலை மெல்லத் தன் வலது..." என்று தொடங்கிப் பார்த்தேன், எழுத்தில் அது செத்துப்போகிறது. ஆகவே எழுதப்போவதில்லை. நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத ஒருவர் ஏணியில் இறங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைச் சும்மா விடுங்கள். அது செய்வதுதான் முடிவு.