சேற்றில் கிடந்தவனின் அங்கி

வரமாட்டேன் என்று சுந்தரேஸ்வரி மாமி ஒற்றைக்காலில் நின்றார். "செத்தவன்ர உடுப்பைப் போய்ப் பாக்கிறதோ? இதுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேணுமோ?" என்று கேட்டவரை ஐங்கரன்தான் கெஞ்சிக் கூத்தாடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மகன் செத்து முப்பத்தோராம் நாள் செய்த அந்தியேட்டிக் கிரியை முடிந்த நாளிலிருந்து மாமி ஜெர்மனியின் வுப்பர்டால் வீட்டின் படுக்கையறைக்கும் சாமித் தட்டுக்கும் இடையில்தான் நடமாடினார். சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்தால் மூடியபடியே கிடக்கும். கொஞ்சம் வெளிக்காற்றுப் பட்டால் நல்லது என்று மகள் ஆதிரை நினைத்தாள், மருமகன் ஐங்கரனும் நினைத்தான். அந்த வீட்டில் நல்லதை நினைத்துச் செய்த காரியங்கள்தான் ஒன்று தவறாமல் திருப்பி உதைத்தன.

ஐங்கரனுக்கு அந்த அருங்காட்சியகத்தில் காவல் வேலை. பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய காலத்திலிருந்து கோப்பை கழுவி, பேப்பர் போட்டு, முதுகு நோகப் பெட்டி சுமந்து, கடைசியில் வாய்த்த வேலை இது. சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் தூணோடு தூணாக நிற்க வேண்டும். கண்ணாடியைத் தொடுகிற பிள்ளைகளிடம் "பிட்டே நிஷ்ட்", தயவுசெய்து வேண்டாம், என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஆண்டு, 2009 இலையுதிர்காலத்தில், மண்டபத்துக்கு ஒரு புதிய ஆள் வந்திருந்தான். வந்தவனுக்கு வயது முந்நூற்று எழுபதுக்கு மேல்.

முப்பது வருடப் போர் என்று ஜெர்மன்காரர் சொல்லும் அந்தப் பழைய யுத்தத்தில் செத்த ஒரு படைவீரன் அவன். பக்கத்துச் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டும்போது அகப்பட்டான். எலும்புகளை வேறெங்கோ ஆராய்ச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவனுடைய சாமான்கள் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன: தடித்த தோல் அங்கி ஒன்று, ஒற்றைச் சப்பாத்து, மரக்கரண்டி, பல்லுடைந்த சீப்பு, சூதாடுகிற தாயக்கட்டை மூன்று.

இந்தப் பெட்டியின் முன்னால்தான் அந்த ஞாயிறு காலை மாமியும் ஆதிரையும் நின்றார்கள். வேலை செய்பவர்களின் வீட்டாருக்காகத் திறக்கும் நேரத்துக்கு முன்பே கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். கண்காட்சிக்குப் பொறுப்பான ஃபிராவ் ஹார்ட்விக், வெள்ளிக் கண்ணாடி போட்ட நல்ல மனுசி, தானே பக்கத்தில் வந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார். ஐங்கரனுக்குத் தலைகால் தெரியவில்லை. பதினொரு வருடமாகத் தூணாக நின்றவனுக்கு அன்றுதான் வாய் முளைத்தது. அவர் ஜெர்மனில் சொல்லச் சொல்ல இவன் தமிழில் மாமிக்குச் சொன்னான்.

அந்தக் காலத்துப் படையாட்களுக்குச் சீருடை என்று ஒன்று கிடையாது. கையில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிவதற்குத் தோளில் ஒரு நிறத்துணி; அதுவும் இல்லாதவன் தொப்பியில் ஒரு இலைக்கொத்தைச் செருகிக்கொள்வான். சண்டை முடிந்ததும் உயிரோடிருப்பவன் செத்தவனைத் தலைமுதல் கால்வரை உரித்து எடுத்துவிடுவான். புதைகுழிகளில் எலும்புதான் மிஞ்சும். இவன் சேற்றில் தாழ்ந்துபோனதால் உரிக்க வந்தவர்களுக்கு அகப்படவில்லை. அதனால்தான் அங்கி மிஞ்சியது.

"நெஞ்சில பாருங்கோ மாமி, ஒரு ஒட்டு" என்றான் ஐங்கரன். அங்கியின் இடது நெஞ்சில், இருதயத்துக்கு நேரே, வேறு நிறத் தோலில் ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தது. "அது குண்டு பட்ட ஓட்டையாம். ஆனால் இந்த ஆளின்ர நெஞ்செலும்பில ஒரு காயமும் இல்லையாம். இவன் மண்டையில அடிபட்டுச் செத்தவனாம். அப்ப அந்த ஓட்டை இவனுக்கு முந்தி இதைப் போட்டிருந்தவன்ர. அவன் சாக, இவன் கழட்டி, ஒட்டுப் போட்டு உடுத்திருக்கிறான்."

மாமி கண்ணாடிக்குக் கிட்டப் போனார். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஒட்டையே பார்த்தார்.

"அப்ப உடுப்பை வச்சு ஆள் ஆரெண்டு சொல்லேலாதோ?"

ஐங்கரன் ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. வாய் முளைத்தவன் அல்லவா? கேள்வியை அப்படியே ஜெர்மனில் தூக்கிக் கொடுத்தான். ஃபிராவ் ஹார்ட்விக் நல்ல கேள்வி என்று தலையாட்டிவிட்டு, உடுப்பு உடுப்பைப் பற்றித்தான் சொல்லும், உள்ளே இருந்தவனைப் பற்றி ஒருநாளும் சொல்லாது என்றார்.

"ஏலாதாம் மாமி" என்றான் ஐங்கரன்.

சொல்லி முடித்த பிறகுதான் மாமியின் முகத்தைப் பார்த்தான். ஐந்து மாதமாகச் சாம்பல் பூத்துக் கிடந்த முகத்தில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் பாரிசிலிருந்து யாகோப்பு என்ற கூட்டாளி தொலைபேசி எடுத்து, செத்தவர்களின் படங்களைப் போட்டிருந்த ஒரு இணையத்தளத்தின் பெயரைச் சொல்லி, "உன்ர மச்சான் சேந்தன் போலக் கிடக்கு, ஒருக்காப் பார்" என்றான். இலங்கையில், வன்னியில், போர் எல்லாம் முடிந்திருந்த நேரம். சேந்தன் ஆதிரையின் ஒரே தம்பி. மாமி ஜெர்மனிக்கு வந்தபோது, வாறன் வாறன் என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டவன். சைக்கிள் கடை வைத்திருந்தான். கடைசி மாதங்களில் அவனையும் இயக்கத்தார் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசி நாட்களில் எல்லாரும் சீருடையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண உடுப்புக்கு மாறினார்கள் என்றும், போராளி யார் சனம் யார் என்று பிறகு ஒருவருக்கும் தெரியவில்லை என்றும் சொன்னார்கள்.

ஐங்கரன் தனியாக இருந்து அந்தப் படத்தைத் திறந்தான். சேந்தன்தான். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, யாரையோ கூப்பிட வெளிக்கிட்டு நடுவில் விட்டவன் மாதிரி. அந்த வாயைப் பார்த்துத்தான் ஐங்கரன் கதிரையிலிருந்து எழும்பமுடியாமல் இருந்தான். ஆதிரை பார்க்க மறுத்துவிட்டாள். நீங்கள் பார்த்தது காணும், அதுவே போதும் என்று சுவரோடு சாய்ந்துகொண்டாள். மாமியோ, கண்ணால் காணாமல் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன் என்றார்.

பெற்றவளுக்கு அந்த வாயைக் காட்ட ஐங்கரனுக்கு மனம் வரவில்லை. கலண்டர் தாள் ஒன்றை மடித்துக் கணினித் திரையின் மேல்பாதியில் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் மாமியைக் கூப்பிட்டான். நீலக் கட்டம் போட்ட சேட்டு தெரிந்தது. அதன் பொக்கற் வாயில் பச்சை நூலால் தைத்த மூடி ஒன்று தெரிந்தது. மகனுக்குப் பொக்கற்றிலிருந்து எல்லாம் விழுந்துவிடும் என்று மாமியே தைத்து, இங்கிருந்து அனுப்பிய சேட்டு. மாமி அந்தப் பச்சை நூலில் விரலை வைத்து வாய்விட்டுக் குளறினார். குளறி ஓய்ந்த பிறகு, "முகம்?" என்று கேட்டார். "படத்தில முகம் இல்லை மாமி, தாளுக்குப் பின்னால வேற ஆக்கள்ர பிணம்தான்" என்றான் ஐங்கரன். அடுத்த நாள் அந்தப் பக்கமே இணையத்தில் இல்லாமல் போய்விட்டது.

அந்த முகத்தை அந்த வீட்டில் கண்டவன் அவன் ஒருவன்தான்; ஆதிரையிடமும் சேட்டைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தான்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த அன்று பின்னேரமே மாமி சேந்தனின் படத்திலிருந்து மாலையைக் கழற்றினார். கண்ணாடியில் வைத்திருந்த சந்தனப் பொட்டை ஈரத்துணியால் துடைத்தார். படம் சாமித் தட்டிலிருந்து இறங்கித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அவன் கேட்டவனுக்குக் கழட்டிக் குடுக்கிற பிள்ளையெல்லோ" என்று ஆதிரையிடம் சொன்னார். "ஆரோ ஒரு பெடியன் உடுப்பில்லாமல் நிண்டிருப்பான். இவன் குடுத்திருப்பான். அந்தத் தாய் ஆரோ, பாவம், அவவுக்குத் தெரியாது."

பிறகு அவர் சாப்பிடத் தொடங்கினார். காலையில் குளித்துத் தலை இழுத்து, சோபாவில் வந்து இருந்து, இலங்கைச் செய்தி கேட்டார். வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து வந்தவர்கள் யார் யார் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார். ஒருநாள் தொலைபேசியில் யாரோ சொன்ன பகிடிக்குச் சிரித்தும்விட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஐங்கரன் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். தான் கொடுத்த நஞ்சு மருந்தாக வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு வேறென்ன செய்யத் தோன்றும்?

"அம்மா சாப்பிடுறா. அது காணும். விடுங்கோ" என்றாள் ஆதிரை. அவளுக்கும் உள்ளூர ஒரு நம்பிக்கை துளிர்த்திருந்தது. அதைப் பார்க்க அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

விட்டுவிடலாம் என்றுதான் அவனும் இருந்தான். மாமி நம்பிக்கொண்டே காலத்தை முடிக்கட்டும், யாருக்கு என்ன நட்டம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனால் ஒரு சனிக்கிழமை, பயண முகவர் ஜேசுரட்ணம் தொலைபேசி எடுத்தார். "ஐங்கரன், உங்கட மாமி கொழும்புக்கு ரிக்கற் போட வந்தவ. தனியப் போறாவாம். உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. பிரசரும் சீனி வருத்தமும் உள்ள மனுசி. நாலு படி ஏறினால் இளைக்கிறவர். முகாம் முகாமாகப் போய், துவக்கோடு நிற்கிற ஆமிக்காரரிடம் மகனின் பெயரைச் சொல்லி, சண்டைக்குப் பிடிபட்ட என்ர பிள்ளை எங்கே என்று கேட்கப் போகிறார். இல்லை என்று சொல்லச் சொல்ல அடுத்த முகாமுக்குப் போவார். இனி அவர் தேடித் தேடியே சாக வேண்டும். அதைத் தடுக்கக்கூடிய சொல் அந்த வீட்டில் ஐங்கரன் ஒருவனிடம் மட்டும் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் அவன் மாமியின் அறை வாசலில் போய் நின்றான். மருமகன் வந்தால் மாமி எழும்பி நிற்பார், அவனும் வாசலைத் தாண்டமாட்டான், அதுதான் வழக்கம். கட்டிலில் பயணப்பெட்டி திறந்து கிடந்தது. பால்மா, பனடோல், ஒரு துவாய், புதிதாக வாங்கிய வெள்ளைச் சேட்டு ஒன்று. மாமி அந்தச் சேட்டைத்தான் மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமி" என்றான். "அந்தப் படத்தில முகமும் இருந்தது."

மாமி மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கையை உள்ளே மடக்கினார், மற்றக் கையை மடக்கினார். பிறகு கைகள் அப்படியே நின்றன.

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"ஓம் மாமி."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம். அவன்தான். சேந்தன்தான்."

கத்துவார், விழுவார், தன்னை அடிக்கக்கூட வருவார் என்று ஐங்கரன் நினைத்து வந்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. மாமியின் முகத்திலிருந்து அந்த இரத்தம் மெல்ல மெல்ல வடிந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவனுக்குக் கிடைத்த அடி.

"நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு நினைச்சன் மாமி" என்றான். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று தெரிந்தது.

"தாங்கிறனோ இல்லையோ எண்டு என்னையெல்லோ கேட்டிருக்கவேணும், தம்பி." குரலில் கோபம் இல்லை. "கண் மூடியிருந்ததோ?"

"அரைவாசி."

"தாடி?"

"கொஞ்சம் வளந்திருந்தது."

"வாய்?"

அவன் சுவரைப் பார்த்தான். இனியும் மறைக்க அவனுக்குத் தைரியம் இல்லை. "திறந்திருந்தது மாமி."

"கட்டிவிட ஒருத்தரும் இல்லைத்தானே" என்றார் மாமி. செத்தவர்களுக்கு வாய் மூடியிருக்க நாடியைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டிவிடுவது ஊர் வழக்கம். அவர் தன் நாடியைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மெலிஞ்சிருந்தவனோ?"

"ஓம். நல்லா மெலிஞ்சுபோனான்."

மாமி மடித்த வெள்ளைச் சேட்டை உதறி விரித்து, இரண்டு தோளையும் பிடித்துத் தன் முன்னால் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இது அவனுக்குப் பெரிசு" என்றார்.

அப்போதுதான் அழுகை வந்தது. மே மாதத்தில் ஊரே கேட்கக் குளறிய குளறல் அல்ல இது. சேட்டை முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க அழுதார். ஆதிரை ஓடிவந்து வாசலில் ஐங்கரனுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு, அங்கேயே தரையில் இருந்துவிட்டாள்.

"நான் ஒரு சேட்டுக்கெல்லோ செத்தவீடு கொண்டாடினனான்" என்றார் மாமி. "என்ர பிள்ளைக்கு நான் இன்னும் அழேல்லை. கடைசியா அவன்ர முகத்தைக் கண்டது நீங்கள். அதை எனக்குத் தராமல் நீங்களே வச்சிருந்திட்டியள்."

மாமி பயணப்பெட்டியைக் கட்டிலின் ஓரத்துக்குத் தள்ளிப் பக்கத்தில் இடம் பண்ணினார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அவனைத் தனக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னதே இல்லை.

"இதில வந்து இருங்கோ தம்பி" என்றார். "ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ. மெல்லமாச் சொல்லுங்கோ, நான் பாக்கவேணும்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். ஐங்கரன் வாசலைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் இருந்து, சேந்தனின் நெற்றியிலிருந்து சொல்லத் தொடங்கினான்.