வெள்ளோட்ட வாரம்

வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. வாடிக்கையாளர் யார், அவருக்கு எதைக் கொடுக்கிறோம், எந்த வழியாகக் கொடுக்கிறோம் என்று கட்டத்துக்கு ஒரு கேள்வி. எட்டுக் கட்டங்களில் வண்ணச் சீட்டுகள் ஈ மொய்ப்பதுபோல் மொய்த்திருந்தன. ஒன்பதாவது, செலவுக் கட்டம். அதில் ஒரே ஒரு மஞ்சள் சீட்டு: ‘தொலைபேசியில் புகார் எடுப்பவர் – நீக்கலாம்.’

அந்தப் புகார் எடுப்பவர் அவள்தான்.

குழுவில் மற்ற மூவரும் இருபத்து மூன்றைத் தாண்டாதவர்கள். முப்பத்தைந்து வயதில் மேலாண்மைப் பட்டம் படிக்க வந்தவளை முதல் நாளே ‘அக்கா’ ஆக்கிவிட்டார்கள். அக்கா பதினோரு வருடங்களாக அண்ணனின் லிஃப்ட் பழுதுபார்க்கும் கடையில் தொலைபேசி எடுக்கிறாள். கடையில் தனக்கும் பங்கு வேண்டும் என்று ஒருநாள் வாயைத் திறந்தபோது அண்ணன் சொன்னார்: “படிச்சு முடி. கடைசி ப்ராஜெக்ட்ல முதல் கிரேடு வாங்கிக் காட்டு. நானே கூப்பிட்டு உக்கார வைக்கிறேன், பார்ட்னரா.” அண்ணன் பேச்சு மாறாதவர். அந்த ஒரு தைரியத்தில்தான் அவள் இரண்டு வருடங்களாகக் கடைக்கும் கல்லூரிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

பாடம், புதிய வணிக மாதிரி உருவாக்கம். நடந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலைப் பிரித்துப் போட்டு, வேறு விதமாகப் பூட்டிக் காட்ட வேண்டும். எங்கள் கடையையே எடுத்துக்கொள்ளலாம் என்று வலியப் போய்ச் சொன்னவளும் அவள்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பது வேறென்ன?

குழுத் தலைவனுக்குக் ‘கேப்டன்’ என்று பெயர் விழுந்திருந்தது. கடையின் ஆறு மாதப் புகார் நோட்டைப் படமெடுத்து வந்து, சராசரி போட்டு, அவள் முன்னால் மடிக்கணினியைத் திருப்பினான்.

“ஒரு நாளைக்கு ஆறு புகார். ஆறுக்கு ஒரு ஆளாக்கா? ஒரு ஆப் போதுமே. குடியிருக்கறவங்க பட்டனைத் தட்டினா நேரா மெக்கானிக்குக்குப் போயிடும்.”

“ஆறு இல்லடா தம்பி. நாப்பது வரும்.”

“நோட்டுல ஆறுதானே இருக்கு?”

“ஆள் அனுப்பினா மட்டும்தான் நோட்டுல எழுதுவோம்.”

“மத்தது?”

“மத்தது போன்லயே முடிஞ்சிடும்.”

கேப்டன் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தான். “அப்போ அக்கா ஃப்ரீயா வைத்தியம் பார்த்துட்டு இருந்திருக்காங்க.”

உண்மைதான். கதவு மூடவில்லை என்று பதறுகிறவரிடம், லிஃப்ட் வாசலில் கால்மிதி மடங்கிக் கிடக்கிறதா பாருங்கள் என்பாள். ஆறாவது மாடிக்கு லிஃப்ட் வரவே மாட்டேன் என்கிறது என்றால், கீழே எங்கோ சாமான் இறக்குகிறவர்கள் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள், போய்ப் பாருங்கள் என்பாள். பாதிப் பேர் நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிடுவார்கள். லிஃப்ட் ஓடும். நோட்டில் ஓர் எழுத்தும் விழாது. சரியாகிப்போன விஷயத்துக்கு மை எதற்கு என்று, வேலைக்கு வந்த முதல் மாதமே அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளும் அவளே. யாரை நோவது?

பேராசிரியையிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“நாப்பதுக்கு ஆதாரம் இருக்கா?”

“நான்தான் மேடம் ஆதாரம்.”

“நீங்க அனுபவம். ஆதாரம் வேற.” பேனாவை மூடினார். “ஒரு வாரம் வெள்ளோட்டம் விட்டுப் பாருங்க. உங்க போனை நிறுத்திட்டு ஆப்பை மட்டும் ஓட விடுங்க. எண்ணிக்கை தானா பேசும்.”

அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. ஒரே வாரத்தில் கடை தலைகீழாகும். தன் அருமை தெரியும். அண்ணனைச் சம்மதிக்க வைத்தாள். கேப்டன் ஓர் எளிய ஆப்பைச் செய்து கொடுத்தான். திங்கட்கிழமை முதல், அழைத்தவர்களிடம் ஒரு பதிவுக் குரல் ‘எங்கள் ஆப்பைப் பயன்படுத்துங்கள்’ என்றது. அவள் மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நண்பகலுக்குள் நான்கு மெக்கானிக்குகளும் நாய் படாத பாடு பட்டார்கள். அவர்களில் மூத்தவர் பையைத் தரையில் போட்டார்.

“தாயே, மூணு பில்டிங் ஏறி இறங்கிட்டேன். மூணு இடத்துலயும் கால்மிதிய உதறிப் போட்டுட்டு வரேன். நான் லிஃப்ட் மெக்கானிக்கா, வீடு கூட்ட வந்தவனா?”

“ஒரு வாரம் பொறுத்துக்கோங்கண்ணே.”

“ஒரு வாரத்துல நான் துடைப்பம் வாங்கிடுவேன்.”

அவளுக்கு உள்ளூரச் சிரிப்பு. ஒவ்வொரு மாலையும் நால்வரையும் நிறுத்தி, எந்தக் கட்டடத்தில் என்ன கோளாறு என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். ஆறு நாட்களில் இருநூற்று முப்பத்தெட்டு வருகைகள். அவற்றில் இருநூற்றைந்து, போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

அறிக்கை சமர்ப்பிக்கும் நாளில் அண்ணனும் விருந்தினராக முன்வரிசையில் இருந்தார். கேப்டன் திரையில் வரைபடத்தைக் காட்டினான்: ஆறிலிருந்து நாற்பதுக்கு நெட்டுக்குத்தாக ஏறிய கோடு. அவள் அடுத்த படத்துக்காக, தான் எழுதிக் கொடுத்திருந்த இருநூற்றைந்துக்காகக் காத்திருந்தாள். அடுத்து வந்தது ‘நன்றி’ என்ற படம்.

“அந்தப் பக்கம் எங்கடா?” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அது கதையைக் குழப்புதுக்கா. எடுத்துட்டேன்.”

அதற்குள் பேராசிரியை கைதட்டத் தொடங்கியிருந்தார். “மறைஞ்சு கிடந்த தேவையை வெளியில கொண்டுவந்திருக்கீங்க. ஒவ்வொரு வருகைக்கும் கட்டணம் உண்டு இல்லையா? அப்போ வருமானமும் ஆறு மடங்குக்கு மேல. இதுதான் புதுமை. முதல் கிரேடு.”

அண்ணன் நாற்காலியோடு திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. “ஏம்மா, பதினோரு வருஷமா இத்தனையும் போன்லயே சும்மா அனுப்பிட்டு இருந்தியா?”

தன் அருமையை எடைபோடக் கொண்டுவந்த தராசில் அதே அருமை நஷ்டமாக நின்றது. சொல்ல வாயெடுத்தாள்; அடுத்த குழுவை மேடைக்கு அழைத்துவிட்டார்கள்.

எல்லாக் குழுக்களும் முடிந்தபின், தாழ்வாரத்தில் அண்ணன் உற்சாகமாக இருந்தார். “சொன்ன சொல் சொன்னதுதான். நாளைக்கே பத்திரம் எழுதிடலாம். போன் மேசைய எடுத்துட்டா உனக்குத் தனி ரூமே போடலாம்.”

“அண்ணா, கால்மிதிய உதறிப் போடறதுக்குக் காசு வாங்கறோம்.”

“அவங்களா பட்டன் தட்டிக் கூப்பிடறாங்க. நாம என்ன கழுத்தைப் பிடிச்சா வாங்கறோம்?”

“அவங்களுக்குக் கால்மிதின்னு தெரியாது. எனக்குத் தெரியுமே.”

“தெரிஞ்சதை எல்லாம் சொல்லிட்டிருந்தா கடைய நடத்தின மாதிரிதான். காபி குடிக்கலாம் வா.”

“நீங்க இங்கேயே இருங்க. இதோ வரேன்.”

பேராசிரியையின் அறையில் மின்விசிறி கடகடத்தது. பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

“எங்க ரிப்போர்ட்ல ஒரு பக்கம் விட்டுப்போச்சு மேடம்.”

அவர் படித்தார். கால்மிதி, கால்மிதி, முட்டுக்கட்டை, குழந்தை அழுத்தி வைத்த சிவப்புப் பொத்தான், கால்மிதி. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதைச் சேர்த்தா உங்க முடிவே கவிழ்ந்துடும். இது தேவை இல்ல, வீண் அலைச்சல்னு ஆயிடும்.”

“அப்படித்தான் மேடம்.”

“முதல் கிரேடு நிக்காது.”

“என் பேர்ல மட்டும் குறைங்க. பசங்களை விட்டுடுங்க.”

பேராசிரியை சிவப்புப் பேனாவைத் திறந்து, தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். “ஒரு வாரக் கணக்கு. அதுவும் நாலு பேர் வாயால சொன்னது. இதுவும் பலவீனமான ஆதாரம்தான், புரியுதா?”

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “அதையும் எழுதிக்கோங்க மேடம்.”

“வெளியில நிக்கறது உங்க அண்ணன்தானே? அவருக்குத் தெரியுமா?”

“இனிமேதான் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.