சகலையின் ஸ்டெம்

ட்ரையல்ஸ் சைக்கிளில் உட்கார சீட் கிடையாது. நின்றபடியே பாறைக்குப் பாறை தாவ வேண்டும். சகலை அப்படித் தாவியதைப் பார்த்து, "எங்க அக்கா வீட்டுக்காரர் என்னமா தாவுறாரு!" என்று மனைவி வாயைப் பிளந்தபோதே இவருக்கு வயிறு எரிந்தது. அந்த ஆளிடம் என்ன இருக்கிறது? எல்லாம் அந்த அகலமான ஹேண்டில்பாரும் அதைச் சைக்கிளோடு சேர்த்து முன்னால் நீட்டித் தாங்குகிற நீள ஸ்டெம்மும் செய்கிற வேலை என்று முடிவு கட்டினார்.

மறுநாளே அதே மாதிரி நீள ஸ்டெம் கேட்டுச் சைக்கிள் கடையில் போய் நின்றார்.

"அவர் பனைமரம் சார். உங்க உயரத்துக்கு இப்ப இருக்கிற ஸ்டெம்தான் சரி. எட்டிப் பிடிச்சீங்கன்னா முன்சக்கரத்தத் தூக்கவே வராது," என்றார் கடைக்காரர்.

"அப்ப நான் குள்ளம்ங்கறீங்க?"

கடைக்காரர் ஸ்பேனரை எடுத்து நீள ஸ்டெம்மை மாட்டினார். கழற்றிய பழசை, "அந்தக் கருமத்த நீங்களே வச்சுக்குங்க" என்று இவர் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாறைக்கு முன்னால் முக்கிமுக்கிப் பார்த்தார். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பவே இல்லை. பின்னாலேயே வந்த சகலை ஒரே எம்பில் உச்சியில் போய் நின்றார்.

"பின்சக்கரத்துல நீங்க அசையாம நிக்கிறதப் பாத்துட்டு எனக்குத் தூக்கமே வரல, சகலை," என்று மேலேயிருந்து சிரித்தார். "கடையில உங்க பழைய ஸ்டெம் கெடந்துச்சு. வாங்கி மாட்டிக்கிட்டேன்."

இவர் அண்ணாந்து பார்த்தார். முன்பு இவர் பாறையில் இடித்தபோது விழுந்த கீறல்கூட அப்படியே இருந்தது. இத்தனை நாள் தன்னிடமே கிடந்த ஸ்டெம், அந்தப் பாவியின் சைக்கிளில் என்ன அழகாக இருந்தது!