அம்புக்குறி எந்தப் பக்கம்

எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டது. ஜெனிஸ்ரன் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவன் தங்கச்சி பிரான்சிஸ்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மொறிஸ் மைனரின் பொனற்றுக்குக் கீழே, பூட்டிய கதவை யாரோ விடாமல் தட்டுவதுபோல ஒரு சத்தம்.

"இதென்னண்ணா?"

"டப்பெட். வால்வைத் தள்ளுற சாமான். சூடேறினா நிக்கும்."

தலைமன்னார்க் கரையில் படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போட் எஞ்சின்களைத் திறந்து பூட்டுவதில் ஜெனிஸ்ரனை விட்டால் ஆளில்லை. கார் எஞ்சின் அவனுக்கு இதுதான் முதல். தாராபுரத்துச் சனூன் நானா நம்பிக் கொடுத்திருந்தார். பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு நேரே புத்தளம் போகப் போகிறார். சிலிண்டர்களைக் கடைந்து கொடுத்த வவுனியா லேத்காரன், "சுவர் மெலிஞ்சுபோச்சு. இனிக் கடைய ஏலாது. ஒரு கீறல் விழுந்தாலும் எஞ்சின் பழைய இரும்புக்குத்தான்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். அந்தத் தட்டல் பிரான்சிஸ்காவை உறுத்தியது அதனால்தான்.

பௌதிகத்தில் பட்டம் எடுத்துவிட்டு, நியமனம் வரும் வரும் என்று வீட்டில் குந்தியிருக்கப் பிடிக்காமல்தான் அவள் அண்ணன் எஞ்சின் திருத்தும் இந்தக் கொட்டிலுக்கு வந்தாள். அந்த வீட்டில் கம்பசுக்குப் போன முதல் ஆள். அதைச் சொல்லிச் சொல்லியே ஊர் அவளை ஒரு ஸ்பானரைத் தொடவிடாமல் பார்த்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் தடித்த றப்பர் கையுறையை மாட்டி ஒரு பிளக் வயரைக் கழற்றினாள். தட்டல் ஒருபடி இறங்கியது. திரும்பப் பூட்டினாள், ஏறியது.

"டப்பெட் எண்டா வயரைக் கழட்டினாலும் அடிக்கோணும். இது நெருப்பில்லாட்டி அடங்குது. பிஸ்டன்தான் சுவரில அடிக்குது. எந்தப் பக்கம் பாத்து வைச்சனீங்கள்?"

"தலையில அம்புக்குறி இருந்தது. பின்னால, பிளைவீல் பக்கம் பாக்க வைச்சனான்."

"ஏன்?"

"அது அப்பிடித்தான்."

பிரான்சிஸ்காவுக்கு உச்சி சுட்டது. மறைக்கல்வி வகுப்பிலும் இதே பதில், ஆய்வுகூடத்திலும் இதே பதில், கந்தோரில் நியமனம் எப்போது என்று கேட்டாலும் இதே பதில். எஞ்சினை நிறுத்திவிட்டு, பேசினில் கிடந்த பழைய பிஸ்டன் ஒன்றை எடுத்து உருட்டினாள். வட்டமான சாமான். இதற்கு முன்னென்ன, பின்னென்ன?

பிஸ்டனையும் தண்டையும் இணைக்கும் குறுக்காணி போகும் துவாரத்துக்கு இரு பக்கமும் வேணியர் அளவுகோலால் அளந்தாள். ஒரு பக்கம் ஒரு பொடி குறைந்தது. மற்ற மூன்றையும் அளந்தாள். அவற்றிலும் அப்படியே. குறைந்த பக்கத்தின் வெளிப்புறம்தான் தேய்ந்து மினுங்கியது.

"அண்ணா, துவாரம் நடுவில இல்லை."

"வார்ப்புப் பிழை."

"நாலிலயுமோ?"

இப்போதுதான் அவன் எழும்பி வந்தான். தானே அளந்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

அவள் பிஸ்டனின் குறுக்காணியில், கீழே வரும் தண்டுக்குப் பதிலாக, நீளமான வளைய ஸ்பானர் ஒன்றைக் கோத்து, பிஸ்டனைப் பிவிசி குழாய்த் துண்டொன்றுக்குள் விட்டாள். ஸ்பானரின் அடியை வலப்பக்கம் சரித்துப் பிடித்தாள். "மேலால அமத்துங்கோ."

அமத்தினான். பிஸ்டன் இடப்பக்கச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.

"நெருப்புப் பத்தேக்க இப்பிடித்தான். மேல ஏறேக்க மற்றச் சுவரில சாயும். ஒவ்வொரு சுத்துக்கும் சுவர் மாறோணும். துவாரம் இந்தப் பக்கம் விலகியிருந்தால், நெருப்புப் பத்த முதலே மெதுவாச் சாஞ்சிடும். மாறி வைச்சா ஓங்கி அடிக்கும்."

அவன் இன்னொருமுறை அமத்திப் பார்த்தான். "அப்ப அவுட்போட்டில ஏன் பிளைவீல் பக்கம்?"

"அதில சுவர் முழுக்க ஓட்டை. பிஸ்டனைச் சுத்தியிருக்கிற றிங்கின்ர நுனி ஓட்டையில மாட்டாமல் இருக்கத்தான் அந்தக் குறி. அது வேற காரணம்." குனிந்து முன்னாலிருந்து ஹான்டிலை மெல்லச் சுற்றினாள். எஞ்சின் வலஞ்சுழியாகத் திரும்பியது. "சாயிற சுவர் டிறைவர் இருக்கிற பக்கம். குறைஞ்ச பக்கம் அங்க வரோணும் எண்டால் அம்பு முன்னால றேடியேற்றரைத்தான் பாக்கோணும்."

ஜெனிஸ்ரன் எண்ணெய்க் கலன் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தான்.

சனூன் நானா ஓட்டோவில் வந்து இறங்கினார். "என்ன தம்பி, ஸ்டாட் வருதோ?"

ஜெனிஸ்ரன் சாவியைப் பார்த்தான். டப்பெட் என்று சொன்னால் போதும், மனுசன் கொண்டுபோய்விடுவார். பிரான்சிஸ்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அது அவளுக்கு லேசான வேலையில்லை.

"வருது நானா. ஆனா இண்டைக்குத் தரேலாது. நாலு பிஸ்டனையும் பின்னுக்குப் பாக்க வைச்சிட்டன்."

"அப்ப கார் றிவேர்சிலயோ ஓடும்?"

ஒருவரும் சிரிக்காததைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார். "ஏன், பின்னுக்குப் பாத்தா என்ன?"

பிரான்சிஸ்கா குழாயையும் ஸ்பானரையும் நீட்டினாள். நானா ஒருதரம் அமத்தினார், பிறகு ஸ்பானரை மறுபக்கம் சரிக்கச் சொல்லி அமத்தினார். "வாப்பா காலத்தில இருந்து இதில ஏறித் திரியிறம். உள்ளுக்க இவ்வளவு தள்ளுமுள்ளோ?" குழாயை வைத்துவிட்டு, "சுவர் என்னமாதிரி?" என்றார்.

"திறந்தாத்தான் தெரியும்," என்றான் ஜெனிஸ்ரன்.

"புத்தளத்துக்கு பஸ்ஸில போகலாம். திறங்கோ, நான் இருக்கிறன்." கதிரையை எஞ்சினுக்கு முன்னாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூடி கழன்று பிஸ்டன்கள் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பிரான்சிஸ்கா முதலாவது சிலிண்டருக்குள் கையை விட்டு, நகத்தைச் சுவரைச் சுற்றிக் குறுக்கே இழுத்தாள். இலேசான மினுக்கம். நகம் ஒரு கீறலிலும் மாட்டவில்லை.

"இது சரி."

"மற்றது?" என்றார் நானா.

அதிலும் மாட்டவில்லை, மூன்றாவதிலும் இல்லை. நாலாவதில் பாதி வழியில் அவள் கை நின்றது. ஜெனிஸ்ரன் கிட்டக் குனிந்தான். அவள் விரலை எடுத்து, நகத்தில் ஒட்டியிருந்த கரியைச் சட்டையில் தேய்த்துவிட்டு, மறுபடி இழுத்தாள். நகம் சுற்றி முழுக்க வழுக்கிக்கொண்டு போனது.